மொனாக்கோவை வென்ற டிரைவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கல்லூரியில் சேர்வதற்கு விண்ணப்பம் நிரப்பிய நாளிலே, 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். அதை அப்படியே எழுத என்ன தயக்கமோ, 'போக்குவரத்து' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, போக்குவரத்துத் துறையில் அதிகாரியா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே இன்றுவரை நிச்சயமில்லை. அப்பா வெளியே வேப்பமரத்தடியில் என் சான்றிதழ்ப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த நாளை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகின்றன. உலகப் புகழ் பெற்ற மொனாக்கோ மோட்டார்ப் பந்தயத்தின் முதல் வெற்றி வீரர் அவர்தான். அதற்கு முன்னால் ஓர் ஓவியரிடம் சம்பளத்துக்குக் கார் ஓட்டியவர். வில்லியம் சார்லஸ் ஃபிரடெரிக் குரோவர் என்பது பெற்றோர் இட்ட பெயர். பந்தயப் பட்டியல்களிலே அவர் டபிள்யூ. வில்லியம்ஸ். போர்க்கால இரகசியக் கோப்புகளிலே செபாஸ்டியன். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் இரண்டை ஒட்டவைத்துக் குரோவர்-வில்லியம்ஸ் என்றார்கள். ஒரு மனிதருக்கு இத்தனை பெயர் எப்படி வந்தது என்று சொல்லப் புகுந்தால், அதுவே அவருடைய வாழ்க்கை வரலாறு ஆகிவிடும்.

1903-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், பாரிசு நகரை ஒட்டிய மோன்ரூஷ் என்னும் ஊரிலே அவர் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், குதிரை வளர்ப்புத் தொழிலாகப் பிரான்சிலே குடியேறியவர். தாய் பிரெஞ்சுக்காரி. எனவே வீட்டிலே இரண்டு மொழிகளும் தாய்ப்பாலோடு கிடைத்தன. முதல் உலகப் போர் மூண்டபோது பையனை இங்கிலாந்திலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். போர் ஓய்ந்த பிறகு குடும்பம் மொனாக்கோ நாட்டின் மான்டி கார்லோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் அவர் கார் ஓட்டக் கற்றார். பிற்காலத்தில் தம் பெயரை நிலைநாட்டப் போகும் வீதிகளை இளமையிலேயே அறிந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கார் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளின் மீதும் அவருக்குத் தணியாத ஆசை. மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டார். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால் ஆபத்து. தெரியாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வில்லியம்ஸ் என்ற மாற்றுப் பெயரைக் கொடுத்துப் பதிவு செய்தார். நாளிதழில் பெயர் வந்தாலும் அம்மா அது யாரோ என்று புரட்டிவிடுவார் அல்லவா! விளையாட்டாகத் தொடங்கிய இந்த ஒளிவுமறைவு கடைசிவரை அவரை விடவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றில் நீந்தக் கற்றுக்கொண்ட நண்பர்கள் நம் விடுதியிலே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி எளிதில் விளங்கும்.

1919-ஆம் ஆண்டு போர் முடிந்து பாரிசிலே சமாதான மாநாடு கூடியது. உலகத் தலைவர்களை ஓவியமாகத் தீட்டுவதற்கு பிரிட்டிஷ் அரசு சர் வில்லியம் ஆர்ப்பன் என்ற ஐரிஷ் ஓவியரை அனுப்பியிருந்தது. பெயரும் பணமும் பெற்ற அவர் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் வாங்கினார். அதை ஓட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் நம் குரோவர். பதினாறு பதினேழு வயது இளைஞர் சீருடை அணிந்து, கதவைத் திறந்துவிட்டு, எசமானர் திரும்பி வரும்வரை தெருவிலே காத்திருக்கும் வேலையில் அமர்ந்தார்.

காத்திருப்பது என்பது டிரைவர் தொழிலில் பாதி. இதைப் புத்தகத்தில் படித்து நான் எழுதவில்லை. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு ஒருமுறை வேன் சவாரிக்குப் போனேன். ஒரு திருமணக் கோஷ்டியை ஏற்றிச் சென்றிருந்தோம். மூன்று பந்தி முடிந்து, சமையற்காரர்களும் உட்கார்ந்த பிறகுதான் வண்டிக்காரரைக் கூப்பிடுங்கள் என்று ஒரு குரல் வந்தது. அதுவரை அப்பா வேனின் நிழலிலே துண்டை விரித்துப் படுத்திருந்தார். பசிக்கவில்லையா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றார். ஆர்ப்பனின் காருக்கு அருகே குரோவர் எத்தனை இரவுகள் குளிரில் நின்றிருப்பார் என்று எந்தக் குறிப்பும் கணக்கு வைத்திருக்கப் போவதில்லை.

ஆர்ப்பனோடு அப்போது வாழ்ந்துவந்த பெண்மணி இவோன் ஓபிக் என்னும் பிரெஞ்சு அழகி. இவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. போர்க்களத்திலே அரசாங்க ஓவியராக இருந்தபோது ஆர்ப்பன் இவருடைய உருவத்தைத் தீட்டி, அதற்கு 'ஒற்றர்' என்று பெயரிட்டார். ஜெர்மானியருக்காக வேவு பார்த்துப் பிடிபட்ட பெண் என்று ஒரு கதையும் கட்டிவிட்டார். இராணுவ அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. படத்தின் பெயரை 'அகதி' என்று மாற்ற நேர்ந்தது. இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்திலே அந்தப் படம் இருக்கிறது. ஒற்றராகப் பொய்யாகத் தீட்டப்பட்ட அந்தப் பெண்மணி, பின்னால் மெய்யாகவே இரகசியப் படையில் சேர்ந்த ஒருவருக்கு மனைவியானார். ஆர்ப்பனுடன் இருந்த உறவு விலகிய பிறகு, 1929 நவம்பரில் குரோவரும் இவோனும் மணந்துகொண்டார்கள்.

அதற்குள் குரோவர் முழுநேரப் பந்தய வீரராகிவிட்டார். 1926 முதல் புகாட்டி காரில் பிரான்சு முழுவதும் ஓடினார். 1928-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தை வென்றார். 1929-இல் மறுபடியும் வென்றார். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் நடந்த பந்தயம்தான் அவர் பெயரை அழியாமல் காத்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

மொனாக்கோ ஒரு நாடு என்றாலும் அதன் பரப்பு இன்றைக்கும் ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர்தான். நம் ஊர் ஏரிகள் சில அதைவிடப் பெரியவை. அந்த நாட்டு மோட்டார் சங்கம், தன்னைத் தேசியச் சங்கமாக ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று உலகச் சம்மேளனத்திடம் விண்ணப்பித்தது. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. காரணம், அந்தச் சங்கம் 1911 முதல் நடத்திவந்த மான்டி கார்லோ ராலி பெரும்பாலும் அயல்நாட்டுச் சாலைகளிலேயே ஓடியது. சொந்த மண்ணிலே நடத்திய பந்தயம் ஒன்றுகூட இல்லை. சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கிய அந்தோனி நோகே என்பவர் சோர்ந்துவிடவில்லை. பந்தயத் திடல் அமைக்க இடமில்லை என்றால் ஊரே திடலாகட்டும் என்று முடிவு செய்தார். துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீதிகளிலே நாள்தோறும் நடந்து பார்த்துப் பாதையை வகுத்தார். இளவரசர் இரண்டாம் லூயியின் ஆதரவும் கிடைத்தது.

ஒரு சுற்று 3.18 கிலோமீட்டர். துறைமுகச் சாலையிலிருந்து செயின்ட் டிவோட் தேவாலயத்தின் அருகே வலப்புறம் திரும்பினால் செங்குத்தான ஏற்றம். மேலே சூதாட்ட மாளிகையின் சதுக்கம். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கி, இரயில் நிலையத்தின் பக்கம் கொண்டை ஊசி வளைவு. பிறகு கடலோரம், ஒரு சுரங்கப்பாதை, மறுபடி துறைமுகத்தின் கரை. கடைசியில் எரிவாயுத் தொழிற்சாலைக்கு அருகே இன்னொரு கொண்டை ஊசி வளைவு. பாதையின் ஓரத்தில் விளக்குக் கம்பங்களும் மரங்களும் வீட்டுப் படிகளும். சில இடங்களிலே டிராம் தண்டவாளங்கள் குறுக்கிட்டன. கரையோரத்தில் கார் தவறினால் நேரே கடல். இப்படிப்பட்ட இடத்தில் 100 சுற்று, மொத்தம் 318 கிலோமீட்டர் ஓடவேண்டும். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவிலே நடந்த பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு நகர வீதிப் பந்தயம் எப்படியிருக்கும் என்று ஓரளவு தெரியும். அங்கே இரும்பு வேலியும் வலையும் மெத்தையும் இருந்தன. 1929-இல் ஓட்டியவர்களுக்குத் தலைக்கவசம்கூடக் கிடையாது. துணித் தொப்பியும் கண்ணாடியும்தான்.

பதினாறு கார்கள் புறப்பட்டன. முன்னால் யார் பின்னால் யார் என்பது குலுக்கல் முறையிலே தீர்மானிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, ஜெர்மனிக்கு வெள்ளை, பிரிட்டனுக்குப் பச்சை. புகாட்டி பிரெஞ்சு நாட்டுக் கார். அதைப் பச்சை வண்ணத்திலே ஓட்டினார் நம் வீரர். பெயரை மறைத்தாலும் தந்தையின் நாட்டை மறைக்கவில்லை.

அன்றைய எதிரி ஜெர்மனியின் ருடால்ஃப் காரச்சியோலா. அவருடைய மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே. காரின் எஞ்சின் 7 லிட்டருக்கும் அதிகம். புகாட்டியின் எஞ்சினோ 2.3 லிட்டர்தான். எட்டு சிலிண்டர்களும் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜரும் கொண்டது. வலிமையில் மெர்சிடிஸ் யானை என்றால் புகாட்டி குதிரை. ஆனால் எடையைப் பாருங்கள். மெர்சிடிஸ் ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று முதலாண்டிலேயே படித்துவிட்டோம். அப்படியானால் ஒரே வேகத்தில் வந்து ஒரே வளைவில் பிரேக் போடும்போது, பெரிய கார் இரு மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்றித் தொலைக்கவேண்டும். பிரேக்கும் டயரும்தான் அந்த விலையைக் கொடுக்கின்றன. நேர்சாலையில் அந்தக் கடன் தெரியாது. நூறு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கொண்டை ஊசி வளைவு என்றால் கடன் வட்டியோடு வந்து நிற்கும்.

அப்படித்தான் நடந்தது. குலுக்கலிலே கடைசி வரிசையில் இடம் கிடைத்த காரச்சியோலா அந்தக் கனத்த காரை வைத்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தாண்டி முன்னே வந்தார். இது சாதாரணச் செயலன்று. என்னைக் கேட்டால், அன்றைக்கு மிகச் சிறந்த ஓட்டம் யாருடையது என்பதிலே வாதம் செய்ய இடமிருக்கிறது என்பேன். பச்சைப் புகாட்டியும் வெள்ளை மெர்சிடிஸும் மாறி மாறி முதலிடத்தைப் பிடித்தன. பந்தயத்தின் பாதியளவில் இருவரும் பெட்ரோல் நிரப்ப நிறுத்தவேண்டியிருந்தது. மெர்சிடிஸுக்கு எரிபொருளோடு டயரும் தேவைப்பட்டது. அதற்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. வில்லியம்ஸ் விரைவாக நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப்பின் அவரைப் பிடிக்க எவராலும் முடியவில்லை.

3 மணி 56 நிமிடம் 11 வினாடிகளில் நூறாவது சுற்றை அவர் முடித்தார். இன்னொரு புகாட்டியிலே வந்த பூரியானோ ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். காரச்சியோலா மூன்றாவது. அன்றைய மிக வேகமான சுற்றும் வில்லியம்ஸுடையதே. 2 நிமிடம் 15 வினாடி. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

80 தானா என்று சிரிக்கக்கூடாது. நம் ஊருக்கு வரும் தனியார் பேருந்து அந்த வேகத்தைத் தினமும் காட்டுகிறது என்று வகுப்பிலே ஒரு நண்பர் சொன்னார். நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடம் 80-இல் போவது வேறு. முட்டுச்சந்து போன்ற வளைவுகள் நிறைந்த ஊருக்குள்ளே, நான்கு மணி நேரம் ஓய்வின்றிச் சராசரியாக 80-இல் போவது வேறு. அந்தப் புகாட்டியில் கியர்க் கம்பி வண்டியின் உடலுக்கு வெளியே வலப்பக்கம் இருந்தது. பிரேக் முழுவதும் கம்பிவடத்தால் இழுபடும் அமைப்பு. எண்ணெயின் அழுத்தம் துணைக்கு வராது. காலின் வலிமைதான் பிரேக். ஸ்டியரிங்கை வளைக்கவும் தோளே துணை. பந்தயம் முடிந்து இறங்குகிறவர்களின் உள்ளங்கை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். லாரி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கை தெரியும்.

அந்த வீதிகள் யாரையும் சும்மா விட்டதில்லை. இதே காரச்சியோலா 1933-இல் மொனாக்கோவிலே பயிற்சியின்போது சுவரில் மோதித் தொடையெலும்பு நொறுங்கிப் படுத்தார். ஓராண்டுக்கு மேல் பந்தயமே இல்லை. ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஆயினும் 1936-இல் அதே மொனாக்கோவில் வென்று காட்டினார். அவருக்குத் தனிக் கட்டுரை எழுதவேண்டும், இங்கே இடமில்லை.

வில்லியம்ஸ் 1931-இல் பெல்ஜியம் கிராண்ட் பிரியைக் கனெல்லி என்பவரோடு சேர்ந்து வென்றார். அது பத்து மணி நேரப் பந்தயம். லா போல் என்னும் கடற்கரை ஊரின் பந்தயத்தில் 1931, 1932, 1933 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெற்றி. பிறகு ஓட்டம் குறைந்தது. ஸ்காட்லாந்து நாட்டு நாய்களை வளர்ப்பதிலே இவோனுக்கு ஈடுபாடு. அமைதியாகக் குடும்பம் நடந்தது. அதோடு முடிந்திருந்தால் விளையாட்டுப் புத்தகங்களில் ஓர் அடிக்குறிப்பாக நின்றிருப்பார்.

1940-இல் ஹிட்லரின் படை பிரான்சை விழுங்கியது. குரோவர் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று இராணுவத்திலே சேர்ந்தார். எந்தப் பிரிவில் என்றால் வண்டிகளும் தளவாடங்களும் ஓட்டும் சேவைப் பிரிவில்! உலகம் அறிந்த வீரர் மறுபடியும் டிரைவர்.

அவரை வெளியே கொண்டுவந்தது வேகமல்ல, அவருடைய பிரெஞ்சு மொழி. எதிரி பிடித்த நாடுகளுக்குள்ளே ஆட்களை இரகசியமாக இறக்கி, நாசவேலைக்கும் எதிர்ப்புக்கும் வழிசெய்ய பிரிட்டன் 1940-இல் ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தது. ஆங்கிலேயர்போல நம்பத்தக்கவர், பிரெஞ்சுக்காரர்போலப் பேசுபவர் அதற்குத் தேவைப்பட்டார். இரண்டும் ஒருங்கே அமைந்தவர் குரோவர். வேறு பெயரிலே வாழ்வதும் அவருக்குப் புதிதன்று. 1942 மே மாதக் கடைசியில், நள்ளிரவில், பாராசூட்டிலே பிரான்சு மண்ணில் குதித்தார். அப்போது வயது 39. பந்தய வீரனாக ஓய்வு பெறும் வயது அது.

பாரிசு வந்ததும் அவர் நாடியது பழைய பந்தயத் தோழர்களை. ஒருவர் ராபர்ட் பெனுவா. 1927-இல் பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய, பிரிட்டிஷ் கிராண்ட் பிரி நான்கையும் ஒரே ஆண்டிலே வென்றவர். மற்றவர் ழான்-பியேர் விமில். 1937-இல் இந்த இருவரும் சேர்ந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றிருந்தார்கள். 1939-இல் விமில் அதை மறுபடியும் வென்றார். ஐரோப்பாவின் மிக வேகமான மூன்று மனிதர்கள், பெட்ரோலே கிடைக்காமல் சைக்கிளும் கரிவாயு வண்டியுமாக ஓடிய ஒரு நகரத்திலே, மெல்ல நடந்து மெல்லப் பேசி ஒரு வலை பின்னினார்கள். 'செஸ்ட்நட்' என்பது அதன் குறிப்புப் பெயர். வானத்திலிருந்து இறங்கிய ஆயுதப் பெட்டிகளைப் பொறுக்கி மறைத்தார்கள். சிட்ரோயன் கார்த் தொழிற்சாலைக்குள்ளே நாசவேலைக்கு ஆள் திரட்டினார்கள். பாரிசுக்குத் தென்மேற்கே ஒஃபார்ழி என்னும் ஊரில் இருந்த பெனுவா குடும்பத்தின் வீடு ஆயுதக் கிடங்காயிற்று.

அவர்கள் வலையைச் சிறியதாகவே வைத்துக்கொண்டார்கள். அதே பாரிசிலே ஃபிரான்சிஸ் சட்டில் என்பவர் தலைமையில் இயங்கிய 'பிராஸ்பர்' என்ற பெரிய வலை 1943 ஜூனில் அறுந்து, நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டபோதும், செஸ்ட்நட் சில வாரங்கள் தப்பி நின்றது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இலண்டனோடு பேச வானொலி வேண்டும். 1943 மார்ச்சில் ரோலண்ட் டவ்லன் என்ற வானொலி இயக்குபவர் வந்து சேர்ந்தார். இங்கேதான் நம் பாடம் குறுக்கிடுகிறது. வளைய வடிவ ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், அலை வரும் திசையைப் பொறுத்து ஒலி கூடும், குறையும். எந்தக் கோணத்தில் ஒலி அடியோடு மங்குகிறதோ அதைக்கொண்டு திசையைக் கண்டுகொள்ளலாம். இப்படி இரண்டு இடங்களிலிருந்து கோடு வரைந்தால், கோடுகள் வெட்டும் இடமே ஒலிபரப்பும் வீடு. மூன்றாவது கோடு ஐயத்தைப் போக்கிவிடும். ஜெர்மானியர் இந்தக் கருவிகளை வண்டிகளில் மறைத்து வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். நாம் ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் ஒரு கணக்கு, அங்கே மனிதரைத் தூக்கில் ஏற்றியது. ஜூலை 31-ஆம் நாள் டவ்லன் பிடிபட்டார். ஆகஸ்டு 2-ஆம் நாள் ஒஃபார்ழி வீட்டுக்குள் ஜெர்மானிய உளவுப் போலீசார் புகுந்தார்கள். குரோவர் அகப்பட்டார்.

மூன்று நாள் கழித்துப் பெனுவாவும் பிடிபட்டார். ஆனால் பாரிசுத் தெருவிலே ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து குதித்துத் தப்பிவிட்டார். வேகமும் வளைவும் தெரிந்த மனிதரல்லவா! இங்கிலாந்து போய், அங்கே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1944 ஜூனில் மறுபடி சிக்கினார். அந்தச் செப்டம்பரில் புக்கன்வால்டு சிறைமுகாமிலே கொல்லப்பட்டார்.

குரோவருக்குத் தப்பும் வாய்ப்பு வாய்க்கவில்லை. பாரிசு அவென்யூ ஃபோஷ் 84-ஆம் எண் கட்டடத்தில் விசாரணை. அது எப்படிப்பட்ட விசாரணை என்பது அந்த முகவரியை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு பெர்லின். அங்கிருந்து வடக்கேயுள்ள சாக்சன்ஹவுசன் முகாம். நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது இந்தக் காலத்தைத்தான். பிடிபட்ட நாளிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கும் மேல். அவரும் பிராஸ்பரின் தலைவர் சட்டிலும் 1945 மார்ச்சில் அங்கே கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 22-ஆம் நாள் சோவியத் படை அந்த முகாமை விடுவித்தது. இடையிலே சில வாரங்கள்தான். அவருக்கு வயது 42.

1945 செப்டம்பர் 9-ஆம் நாள், பாரிசின் புலோன் பூங்காச் சாலைகளிலே மக்கள் மறுபடியும் எஞ்சின் ஒலியைக் கேட்டார்கள். போருக்குப் பின் நடந்த முதல் பந்தயங்கள் அவை. ஒரு பந்தயத்துக்குப் பெனுவாவின் பெயர். மற்றொன்றுக்குப் போர்க் கைதிகளின் பெயர். அதைப் புகாட்டியிலே வென்றவர் விமில். மூவரில் எஞ்சியவர் அவர் ஒருவரே. அவரும் 1949 ஜனவரியில் புவெனஸ் அயர்ஸ் நகரிலே பயிற்சியின்போது விபத்தில் மாண்டார். இவோன் 1973 வரை வாழ்ந்தார்.

மொனாக்கோவில் செயின்ட் டிவோட் வளைவின் அருகே புகாட்டி காரும் அதிலே குரோவரும் சிலையாக இருக்கிறார்கள். பிரான்சில் வலன்சே என்ற ஊரிலுள்ள நினைவுச் சின்னத்தில், திரும்பி வராத இரகசிய வீரர்கள் நூற்று நால்வரின் பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

இதை எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பத்தியை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. போக்குவரத்து என்று எழுதிய இடம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டார். அந்த ஓவியர் மாதச் சம்பளம் கொடுத்தாரா, படியும் உண்டா என்று விசாரித்தார். பிறகு, டிராம் தண்டவாளத்தின் மேல் சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்குமே, நூறு சுற்றும் எப்படி ஒடித்து ஓட்டினார் என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். கையால் காற்றிலே ஸ்டியரிங்கை வளைத்தும் பார்த்தார். விடியற்காலை நான்கு மணிக்கு லோடு இருந்தது. படுக்கப் போய்விட்டார்.